கடைமடை முறை

ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த தடுப்பணையில் இரண்டு மதகுகள் இருந்தன. வலப்பக்கத்து மதகு நகரத்துக்குக் குடிநீர் இறைக்கும் பம்ப்ஹவுஸுக்கு. இடப்பக்கத்து மதகு வாய்க்காலுக்கு. இரண்டையும் ஏற்றி இறக்கும் வேலை மூன்று வருஷமாக ஒரு பெண்பிள்ளையின் கையில் இருந்தது. அதற்கு முன்னால் அது அவள் புருஷன் பார்த்த வேலை. ஒரு மத்தியானம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. வேலை இவளுக்கு வந்தது. "பொம்பளை கையில சக்கரமா? ஆறு ஊருக்குள்ள வந்துரும் போ" என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் மழைக்காலத்திலேயே மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் அணையிலேயே கிடந்து, ஒரு கல் பெயராமல் வெள்ளத்தை இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மதகுக்காரம்மா என்று பெயர் வந்தது. வீட்டில் மட்டும் அண்ணி, அக்கா.

வீடு வாய்க்காலின் வால்பக்கம், கடைமடையில். அணையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். விடிவதற்கு முன்னே கரையோடு சைக்கிளை மிதித்தால், முதலில் தன் வீட்டு எலுமிச்சைத் தோட்டம் கழியும், அப்புறம் பக்கத்துத் தோட்டங்கள், அப்புறம் நடுவில் பொட்டல், அதற்கப்புறம் தலைமடைக்காரர்களின் காய்கறி வயல்கள். தலைமடை எந்தக் கோடையிலும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கும். தண்ணீர் முதலில் போகிற இடம் அது. பந்தியில் முதல் இலைக்காரன் பசியோடு எழுந்திருப்பானா?

அந்த வருஷம் தலைமடையே பழுத்துக் கிடந்தது. வெள்ளரிக் கொடிகள் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மழை இரண்டு பருவமாகப் பொய்த்திருந்தது. மதகுச் சுவரில் அடி அடியாகக் கோடு போட்ட அளவுக்கல்லில் தண்ணீர் இரண்டடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டடிக்குக் கீழே போனால் பஞ்சகால முறை என்று பாசனச் சங்கத்தில் சட்டம். முதலில் நகரம். மிச்சத்தில் திங்கட்கிழமை பன்னிரண்டு மணி நேரம் தலைமடைக்கு. வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை கடைமடைக்கு. கடைமடை முறையன்று தலைமடைக்காரர்கள் தங்கள் வயல்மடைகளை அடைத்துவிட வேண்டும். அவர்களும் அடைத்துவிடுவார்கள். அதில் ஏமாற்று கிடையாது.

ஏமாற்றினது வாய்க்கால்தான். பொட்டலைத் தாண்டுகிற இடத்தில் அதன் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த வெடிப்புகளெல்லாம் வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் தண்ணீரை மேலே விடும். ஆறு மணிக்குத் திறந்தால் பத்து மணிக்குத்தான் கடைமடையில் ஈரம் தெரியும். கணக்குப்படி ஆறு மணி நேரம், கைக்கு வருவது இரண்டு மணி நேரம். அதுவும் கலங்கலாக, நுரையும் சருகுமாக.

அவர்கள் வீட்டுக்கு அறுபத்து நான்கு எலுமிச்சை மரம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனும் கொழுந்தனும் குழி தோண்டி வைத்தவை. அண்ணன் அணைக்குப் போக, தம்பி தோட்டத்தைப் பார்த்தான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. புருஷன் போன பிறகும் அடுப்பு பிரியவில்லை. கொழுந்தன் மனைவி வாய்க்காரி, ஆனால் வஞ்சகம் இல்லாதவள்.

"காய்கறிக்காரனுக்கு ஒரு பருவம் போச்சுன்னா அடுத்த பருவம் விதைப்பான் அண்ணி," என்று கொழுந்தன் அடிக்கடி சொல்வான். "நமக்கு மரம் போச்சுன்னா பன்னெண்டு வருஷம் போச்சு."

அவன் சொன்னது அவள் மனதில் வண்டாகக் குடைந்தது. சைக்கிள் மிதிக்கும்போதும், சக்கரத்துக்கு கிரீஸ் போடும்போதும் அதே யோசனை. ஒரு செவ்வாய்க்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். தகர நாற்காலிகள், மேலே ஒரு மின்விசிறி, அது சுற்றுவதைவிட முனகுவது அதிகம். பாசன இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தலைமடைக்குப் பேசுகிறவர் வெள்ளரிக்காரர். கடைமடையிலிருந்து கொழுந்தனோடு எட்டுப் பேர்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க," என்றார் வெள்ளரிக்காரர். "இப்ப ஆத்தையே அளந்து போட வேண்டியிருக்கு. இன்னும் எங்களுக்குக் குறைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க மண்வெட்டியைக் கழுவி வெச்சிடுறோம்."

"உங்களுக்காவது கழுவுறதுக்குத் தண்ணி இருக்கு," என்றான் கொழுந்தன்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. வழக்கமாக அவள் இந்தக் கூட்டங்களில் பேசுவதில்லை. அளவுக்கல்லில் எவ்வளவு என்று கேட்டால் சொல்வாள், அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"கடைமடைக்கு வாரம் ஆறு மணி நேரம் விடுறோம். நாலு மணி நேரத் தண்ணியை வாய்க்காலே குடிச்சிடுது. ரெண்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டா எட்டு மணி நேரம் வாய்க்காலுக்கு, நாலு மணி நேரம் மரத்துக்கு. அதுக்குப் பதிலா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், பன்னெண்டு மணி நேரம் சேர்த்து விடுவோம். வாய்க்கால் ஒரு தடவைதான் குடிக்கும். நாலு போக எட்டு மணி நேரம் மரத்துக்குப் போகும். ஆத்துல இருந்து எடுக்கிறது அதே அளவுதான். யாருக்கும் ஒரு சொட்டு குறையாது."

இன்ஜினியர் காகிதத்தில் எதையோ கிறுக்கிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "இதை நாங்கல்ல யோசிச்சிருக்கணும்?" என்றார்.

வெள்ளரிக்காரர் மீசையைத் தடவினார். "எங்களுக்கு நஷ்டமில்லைன்னா எங்களுக்கென்ன. செய்யட்டும்."

"அப்போ இந்த வியாழன் கிடையாது. அடுத்த வியாழன் பன்னெண்டு மணி நேரம். எழுதிக்கலாமா?" என்று கடைமடைப் பக்கம் பார்த்துக் கேட்டார் இன்ஜினியர். மற்ற எட்டுப் பேரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அத்தனை பேர் நடுவில் அண்ணியை எதிர்த்து என்ன பேச? தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை பொறுத்திருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். கையில இருக்கிறது ரெண்டு மணி நேரம். கொசுறுதான், ஆனா கையில இருக்கு. நீங்க அதைக் குடுத்துட்டு நாளைக்கு வர்ற எட்டு மணி நேரத்தை வாங்கியிருக்கீங்க. வானத்துல பறக்கிற குருவிக்குக் குழம்பு கூட்டுறீங்க."

"தம்பி, ஒன்பது நாள்தானே? எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா ஒவ்வொரு மரத்துக்கும் பாத்தி நிறைய நிக்கும். இப்போ விடுறது வேரோட நுனிக்குக்கூடப் போகல."

"கணக்கு சரிதான்," என்றான் அவன். "கணக்கை யாரு தப்புன்னா?"

அவன் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "சும்மா இருங்களேன். மூணு வருஷமா அக்கா தண்ணியைத்தான் பார்த்துட்டு இருக்காங்க. உங்களைவிட அவங்களுக்குத் தெரியும்." அப்படிச் சொல்லிவிட்டு, சோற்றைப் பரிமாறும்போது மெல்லக் கேட்டாள்: "தெரியும்தானே அக்கா?"

"தெரியும்," என்றாள் அவள்.

அந்த வியாழக்கிழமை வாய்க்கால் மதகு மூடியே இருந்தது. அணையில் அவளுக்குக் கையே ஓடவில்லை. ஆறு மணிக்குத் திறந்து பழகிய கை. பம்ப்ஹவுஸ்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நகரத்துக்காரர், இவளைவிட வயதில் சின்னவர், மோட்டார் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்து எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"அக்கா, எங்க பம்ப் கிணத்துல, தண்ணியை உறிஞ்சுற ஃபுட் வால்வுக்கு மேல ரெண்டு சாண்தான் தண்ணி நிக்குது. ஒண்ணரைக்கு இறங்குச்சுன்னா மோட்டார் காத்தை இழுக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் ஊரே காத்தைக் குடிக்க வேண்டியதுதான்."

"இங்க மட்டும் என்ன வாழுது?" என்றாள் அவள்.

"ஆஸ்பத்திரிக்கே லாரியில போகுதுக்கா. எங்க தெருவுல மூணு நாளைக்கு ஒரு தடவை, ஆளுக்கு நாலு குடம்."

நாட்கள் நகர்ந்தன என்று சொல்வது சுலபம். அவள் ஒவ்வொரு நாளையும் சைக்கிளில் மிதித்துக் கடந்தாள். எலுமிச்சை இலை வாடினால் முதலில் படகு மாதிரி உள்ளே மடங்கும். காலையில் மடங்கினது சாயங்காலம் விரிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. நாலாம் நாள் மடங்கின இலைகள் சாயங்காலம் விரியவில்லை. ஆறாம் நாள் பிஞ்சுகள் உதிர்ந்தன. கொழுந்தன் மனைவி முறத்தில் வாரிக்கொண்டு வந்தாள், கோலிக்குண்டு மாதிரி பச்சைப் பிஞ்சுகள். "இதை என்ன செய்யறது? கோழிகூடத் தின்னாது," என்று வாசலோரம் கொட்டினாள். கொழுந்தன் மரத்தடிகளில் வைக்கோல் பரப்பினான், ஓலை பரப்பினான், கடைசியில் பழைய சாக்குகளையும் கிழிந்த பாயையும் கொண்டுபோய்ப் போட்டான். ராத்திரி படுத்துக்கொள்ள மரத்துக்குப் பாய் போட்டுவிட்டு இவர் தரையில் படுக்கிறார் என்று மனைவி கேலி செய்தாள். யாரும் சிரிக்கவில்லை, அவள் உட்பட.

புதன்கிழமை மத்தியானம் இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் அணைக்கு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த உட்காருதலிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எவ்வளவும்மா நிக்குது?"

"அடிக்கு ரெண்டு விரல் குறைச்சல்."

"மேலே பெரிய அணையில இன்னைக்குக் காலையோட நிறுத்திட்டாங்க. வர்றது இனிமே கசிவுதான்." ஒரு காகிதத்தை நீட்டினார். "வாய்க்கால் மதகை அடுத்த உத்தரவு வரைக்கும் திறக்கக்கூடாது. தலைமடைக்கும் கிடையாது, கடைமடைக்கும் கிடையாது."

"சார், நாளைக்குக் கடைமடை முறை."

"தெரியும்மா."

"போன வாரத்துது பாக்கி நிக்குது சார். அவங்க விட்டுக் குடுத்தது. நாளைக்குச் சேர்த்து விடுறோம்னு சொல்லித்தானே நிறுத்தினோம்?"

"தெரியும்மா," என்றார் மறுபடியும். "நானும் மேலே கேட்டுப் பார்த்தேன். பாக்கி வெக்கிறதுக்குத் தண்ணி என்ன பெட்டியிலயா இருக்குன்னு கேட்டாங்க."

"ஆறு மணி நேரமாவது?"

"நீங்களே சொல்லுங்க. ஆறு மணி நேரம் திறந்தா இங்க எவ்வளவு இறங்கும்?"

அவளுக்குத் தெரியும். ஒரு சாணுக்கும் மேலே இறங்கும். கூடவே பம்ப் கிணறும் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கும். காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள். இன்ஜினியர் போகும்போது, "உங்க யோசனை நல்ல யோசனைதான்மா," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது.

அன்று ஒன்பது கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை வழியெல்லாம் மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தாள். கடைசியில் காகிதத்தைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். கூச்சல் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மனைவிதான் பேசினாள்.

"எங்கம்மா டவுன்ல குடத்தோட வரிசையில நிக்குறா. இங்க மரம் நிக்குது. நான் எந்தப் பக்கம் பேச?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைமடையிலிருந்து ஒன்பது பேர் அணைக்கு வந்தார்கள். முன்னால் கொழுந்தன். யார் கையிலும் கம்பில்லை, கல்லில்லை. மதகு மேடையில் ஏறி அவளைச் சுற்றி நின்றார்கள். வாய்க்கால் மதகின் சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டின் சாவி அவள் இடுப்பில்.

"நீங்கதானேம்மா வாக்குக் குடுத்தீங்க?" என்றார் ஒரு பெரியவர். "நாங்க உங்க வார்த்தையை நம்பித்தான் சரின்னோம். சங்கத்தை நம்பி இல்ல."

"ஆமா," என்றாள் அவள்.

"அப்போ திற."

"திறக்க முடியாதுங்க."

"அப்படின்னா எதுக்குச் சொன்ன?"

ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர், அரசாங்கச் சோறு தின்கிறவளுக்கு மரமாவது மண்ணாவது என்றார். கொழுந்தன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"எல்லாரும் போங்க. நான் பேசிக்கிறேன்."

"பேசி?"

"போங்கன்னு சொல்றேன்ல."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். கொழுந்தன் மேடையில் சக்கரத்தின் அடியில் உட்கார்ந்தான். அவளும் எதிரே உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. பம்ப்ஹவுஸ் மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஆறு என்று சொல்லத்தக்கது பத்தடி அகலத்துக்கு ஒதுங்கி, நடுநடுவே மணல் திட்டாகத் தெரிந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லப் போனவன், பசித்த வயிறு முந்திக்கொள்ள வாங்கித் தின்றான். தாயும் பிள்ளையுமே ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்கள் தாயும் பிள்ளையும்கூட இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷம் ஒரே சட்டியில் பங்கிட்டவர்கள்.

"அண்ணன் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரு?" என்றான்.

"உங்கண்ணன் கூட்டத்துல வாயையே திறந்திருக்க மாட்டாரு. போன வியாழன் ரெண்டு மணி நேரமாவது வந்திருக்கும்."

அவன் கையைக் கழுவவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டான். கழுவுகிற தண்ணீரைக்கூட யாருக்கோ சொந்தம் என்று நினைக்கிற காலம்.

"சாவி உங்க இடுப்புலதான் இருக்கு."

"ஆமா."

"நான் பிடுங்கினா உங்களால தடுக்க முடியுமா?"

"முடியாது."

"சத்தம் போடுவீங்களா?"

அவள் பம்ப்ஹவுஸ் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "அந்த மோட்டார் சத்தத்துல யாருக்குக் கேட்கப் போகுது?" என்றாள். பிறகு, தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி, மெதுவாகச் சொன்னாள்: "பிடுங்கிக்கோ தம்பி. பிடுங்கிட்டான்னு சொல்லிக்கிறேன்."

கொழுந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அது அவளுக்குக் கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"குடுக்க மாட்டீங்க. ஆனா நான் பிடுங்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊர்க்காரன் குடத்துல கை வெச்சவன்னு நான் பேர் வாங்கணும். நீங்க நல்லவங்களாவே இருக்கணும். அப்படித்தானே?"

"நான் அப்படி நினைச்சுச் சொல்லல."

"வேற எப்படி நினைச்சு அண்ணி?"

வேறு எப்படியும் நினைக்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. மடியில் கிடந்த தூக்குச்சட்டி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்தான். சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்தான். சங்கிலி குலுங்கியது. அந்தக் கை இறங்கி வந்தால் இடுப்பை நெகிழ்த்திக் கொடுத்துவிடுவது என்று அவள் தயாராக இருந்தாள். கையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அணைக்குக் கீழே கசிந்து நின்ற குட்டையில் குனிந்து முகத்தைக் கழுவினான். பிறகு கரையேறி, வெயிலில், திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அடுத்த நாள் விடியும்போது ரம்பச் சத்தம். அவள் எழுந்து தோட்டத்துக்கு ஓடினாள். கொழுந்தன் முதல் வரிசையில் இரண்டாவது மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். இலையும் கிளையுமாக எல்லாம் தரையில் கிடந்தன. இடுப்புயரத்துக்கு மூளியாக, கை வெட்டின மாதிரி அடிமரம் நின்றது. எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது.

"பதறாதீங்க. கொல்லல," என்றான். "இலை இருந்தாத்தான் தண்ணி கேட்கும். கழிச்சிட்டா வேர் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். நம்ம வீட்டுக் கிணத்துல என்ன ஊறுது?"

"வீட்டுக்குப் போக ஒரு நாளைக்குப் பன்னெண்டு குடம்."

"கழிச்ச மரத்துக்கு நாலு நாளைக்கு மூணு குடம் வேணும். எத்தனை மரத்துக்கு வரும்?"

அவள் மனதில் போட்டாள். நாலு நாளைக்கு நாற்பத்தெட்டுக் குடம். "பதினாறு."

"அறுபத்து நாலுல பதினாறு." ரம்பத்தைக் கீழே வைத்தான். ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருந்தான், பக்கத்தில் தேங்காய்நார் மட்டை. இரண்டையும் எடுத்து அவளிடம் நீட்டினான். "பங்கு போடுறதுல நீங்கதான் கெட்டிக்காரி. எது எதுக்கு ஊத்தணும்னு நீங்களே பூசிட்டு வாங்க."

குத்தலாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "என்னால ஆகல அண்ணி. நேத்துல இருந்து மூணு தடவை சுத்தி வந்துட்டேன். எதை விடுறதுன்னு தெரியல. நட்டவன் நான்."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அணையில் வேலையைத் தொடங்குவதற்கு முன் செய்வது போல முந்தானையை இழுத்துச் செருகினாள். முதல் வரிசையிலிருந்து நடந்தாள். ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து, நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை இருக்கிறதா, பழுப்பா? மேட்டு வரிசை எல்லாம் பழுப்பு. அவள் புருஷன் லீவு நாட்களில் வந்து, கடப்பாரையால் பாறையை உடைத்துக் குழி எடுத்த வரிசை அது. பாறை அடியில் இருந்ததால் வேர் ஆழம் போகவில்லை. இரண்டு மரத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. ஊற்றினால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பள்ளத்து வரிசையில் எல்லாமே நல்ல பச்சை. அவள் அந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் பள்ளத்துக்கு இறங்கிப் போனாள்.

பதினாறு மரத்துக்கும் பூசி முடித்துவிட்டு வந்தபோது, கொழுந்தன் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவரு வெச்ச வரிசையில ஒண்ணாவது பூசியிருக்கலாமே அக்கா," என்றாள்.

"பூசினா இங்க ஒண்ணு போகும்மா," என்றாள் அவள். அணைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண் மறைத்தது. இறங்கி, கரையோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

மழை வருவதற்கு ஏழு வாரம் ஆனது. அதுவரை மூன்று பேரும் முறை வைத்துக் குடம் சுமந்தார்கள். பேச்சு குறைந்தது. சோறு ஒரே அடுப்பில்தான் வெந்தது, தின்னும்போது அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறில் பதினொன்று பிழைத்தது. மீதி ஐம்பத்து மூன்றும் அப்புறம் விறகாகப் போயிற்று. கடைமடையில் ஐந்து வீட்டுக்காரர்கள் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். அவர்களில் காறித் துப்பியவரும் உண்டு. போகும்போது அவள் எதிரே வந்தும் பேசவில்லை. கொழுந்தன் நகரத்து மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனான். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தோட்டம்.

அடுத்த கோடையிலும் தண்ணீர் இரண்டடிக்குக் கீழே இறங்கியது. போன வருஷம் அளவுக்கு மோசமில்லை. சங்கக் கூட்டத்தில் வெள்ளரிக்காரரே எழுந்து, "கடைமடைக்கு மதகுக்காரம்மா சொன்ன மாதிரியே விட்டுடலாம். அதுதான் நியாயமான கணக்கு," என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் எழுந்து, "ஒரு தடவை சொன்ன முறையை நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு சேர்த்து எழுதுங்க சார்," என்றாள். இன்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அது என் கையில இல்லம்மா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த முதல் முறை வியாழக்கிழமை விடிகாலை ஆறு மணிக்குப் பூட்டைத் திறந்து, சங்கிலியை எடுத்து, சக்கரத்தைச் சுற்றினாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. பத்து மணிக்குக் கடைமடையைத் தொட்டிருக்கும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று கொழுந்தன் மார்க்கெட்டுக்குப் போகாமல் தோட்டத்தில் நின்றான்.

பதினோரு மணி சுமாருக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, தண்ணி வந்துருச்சு."

"எப்படி வருது?"

"நல்லா வருது. கரைக்கு ஒரு சாண் கீழே." மண்வெட்டியைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. "பாய்ச்சி முடிச்சாச்சு. மூடிடுங்க."

"இன்னும் ஏழு மணி நேரம் இருக்கே தம்பி. நம்ம முறை சாயங்காலம் ஆறு வரைக்கும்."

"பதினோரு மரத்துக்கு எவ்வளவு அண்ணி ஊத்துறது? மத்தவங்களும் அடைச்சிட்டாங்க. மிச்சம் எல்லாம் தரிசுலதான் பாயுது. வீணாப் போகுது. மூடிடுங்க."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மதகு மேடைக்குப் போனாள். வாய்க்காலில் அவ்வளவு தெளிவான தண்ணீர் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து, மெதுவாக, கடைசிச் சுற்று வரைக்கும் இறக்கினாள்.